விரிசல் விட்ட ஃபேரிங்: ஒரு பழுதுபார்ப்பின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் முன்புறத்தையும் பக்கங்களையும் மூடி, எதிர்க்காற்றை வழுக்கி விலகச் செய்யும் உறைக்கு ஃபேரிங் என்று பெயர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இந்தச் சொல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. சக்கரத்துக்குள் சுழலும் பேரிங்கோடு காதில் குழம்பிவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஹெட்லைட்டைச் சுற்றிய முன்பகுதி இங்கே ‘டூம்’. இருக்கைக்குக் கீழே இருப்பது ‘சைடு பேனல்’. எஞ்சினை அடியில் மூடுவது ‘கௌல்’. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘ஃபைபர்’. “ஃபைபர் போயிருச்சு” என்றால் உறை உடைந்துவிட்டது என்று பொருள். இன்றைய வண்டிகளின் உறையில் பெரும்பாலும் ஃபைபர் கிடையாது. கண்ணாடி இழையால் உறை செய்த காலத்துப் பெயர், பொருள் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை நம்பிப் பழைய முறையில் ஒட்டப்போனால் ஒட்டு நிற்காது. இந்தப் பழுதுபார்ப்பின் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே நடக்கிறது: உறை எதனால் ஆனதோ, அதுதான் ஒட்டும் வழியையும் தீர்மானிக்கிறது.

உறையைக் கொண்டுவந்தது பந்தயம். வேகம் இரட்டிப்பானால், காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. எஞ்சினைப் பெரிதாக்குவதைவிடக் காற்றை ஏமாற்றுவது மலிவு என்பது பந்தயப் பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1950-இல் மாண்டெல்லோ தெல் லாரியோ என்ற ஏரிக்கரை ஊரில், முழு அளவு வண்டியையும் ஓட்டுநரையும் உள்ளே வைத்துச் சோதிக்கக்கூடிய காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டியது. அந்தப் பத்தாண்டில் வந்த பந்தய வண்டிகள் முன்சக்கரத்தையும் சேர்த்து விழுங்கிய பெரிய உறைகளைப் போட்டிருந்தன. உருவத்தைப் பார்த்து அவற்றுக்கு ‘டஸ்ட்பின்’, அதாவது குப்பைத்தொட்டி என்று பெயர் வந்தது. வேகத்தில் அவை நன்றாகவே உதவின. பக்கக்காற்று அடித்தால் மட்டும் பாய்மரம்போல் வண்டியை இழுத்துச் சென்றன. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1958 பருவத்திலிருந்து அவற்றைத் தடை செய்தது. முன்சக்கரம் வெளியே தெரியும்படியான சிறிய உறை அதன் பிறகு பந்தயத்தில் நிலைத்தது. இன்று சாலையில் காணும் உறைகளின் மூதாதை அதுதான்.

அந்தக் கால உறைகளில் பல அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கியவை. மணல் பையின்மேல் வைத்துத் தட்டி, உருளைகளுக்கு இடையே ஓட்டி, துண்டுகளை வாயு வெல்டிங்கால் இணைத்தார்கள். விழுந்தால் தகடு நெளியும், சில இடங்களில் கிழியும். நெளிந்ததைத் தட்டி எடுக்கலாம், கிழிந்ததைப் பற்றவைக்கலாம். நம் ஊரில் டிங்கரிங் என்று சொல்லும் வேலைதான் இது. செய்தவரே பழுதும் பார்த்தார். அதே சுத்தியல், அதே மேசை. உற்பத்திக்கும் பழுதுபார்ப்புக்கும் இடையே இடைவெளியே இல்லாதிருந்த காலம் என்று இதைச் சொல்லலாம்.

அந்த இடைவெளியைத் திறந்தது கண்ணாடி இழை. மெல்லிய கண்ணாடி நூல்களை விரிப்பாகப் போட்டு, அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி, ஊக்கி கலந்து இறுகச் செய்யும் முறை இரண்டாம் உலகப் போரின்போது விமானத் துறையில் வளர்ந்தது. போர் முடிந்ததும் அது படகுகளுக்கும் கார்களுக்கும் வந்தது. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்வெட் காரின் உடல் முழுவதும் கண்ணாடி இழையே. மோட்டார் சைக்கிளில் இதைத் துணிந்து பயன்படுத்தியவர்களில் இங்கிலாந்தின் வின்சென்ட் நிறுவனத்தார் முக்கியமானவர்கள். 1954-இன் இறுதியில் அவர்கள் அறிமுகப்படுத்திய பிளாக் நைட், பிளாக் பிரின்ஸ் என்ற வண்டிகள் கறுப்புக் கண்ணாடி இழை உறைகளால் மூடப்பட்டிருந்தன. உறைகள் உரிய நேரத்தில், உரிய தரத்தில் வந்து சேராததால் அதே வரிசை வண்டிகளை உறையில்லாமலும் விற்க நேர்ந்தது. 1955 முடிவதற்குள் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பே நின்றுபோனது. யோசனை காலத்துக்கு முந்தியதாக இருந்தது. பொருளைக் கையாளும் தொழில் இன்னும் பழகவில்லை.

கண்ணாடி இழையில் அச்சு எளிது. மரத்திலோ பிளாஸ்டரிலோ ஒரு மாதிரி செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, சிறு கொட்டகையில் வைத்தே உறை வார்த்துவிடலாம். 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனி உறை தயாரிப்பாளர்கள் பெருகியதற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த கிரெய்க் வெட்டர் 1970-களில் விற்ற விண்ட்ஜாமர் உறை, நெடுந்தூரம் ஓட்டுபவர்களிடையே பெரும் புகழ் பெற்றது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1976-இல் ஆர்100ஆர்எஸ் வண்டியை, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு உறையோடு தொழிற்சாலையிலிருந்தே வெளியிட்டது. அதற்கு முன் உறை என்பது பெரும்பாலும் வாங்கியவர் தனியாகப் போட்டுக்கொள்வது. இதன் பிறகு அது வண்டியின் உறுப்பாகிவிட்டது.

கண்ணாடி இழை உறை உடைந்தால் துண்டு துண்டாகச் சிதறுவது குறைவு. உள்ளே இருக்கும் இழைகள் பிடித்துக்கொள்ளும். மேல்பூச்சில் சிலந்தி வலைபோல் கோடுகள் ஓடும். பழுதுபார்க்கும் முறையும் பொருளிலேயே இருந்தது. உடைந்த இடத்தை உட்புறத்திலிருந்து சரிவாகத் தேய்த்து, புதிய விரிப்பை வெட்டி வைத்து, ரெசின் பூசி, காற்றுக்குமிழிகளைத் தூரிகையால் அமுக்கி வெளியேற்றி, இறுகவிட்டால் வேலை முடிந்தது. படகு பழுதுபார்ப்பவர்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். செலவு குறைவு; ஒட்டிய இடம் பழையதைவிடக் கனமாகவும் உறுதியாகவும் ஆவதுண்டு. தொல்லைகளும் இருந்தன. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் நாள்கணக்கில் அரிக்கும், நுரையீரலுக்கும் கேடு. ரெசினை இறுக வைக்கும் பெராக்சைடு ஊக்கியும் கோபால்ட் முடுக்கியும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். அதனால் முடுக்கியை முதலில் ரெசினோடு நன்றாகக் கலந்துவிட்டு, பிறகே ஊக்கியைச் சேர்ப்பது வழக்கமானது. பந்தயத்தில் கண்ணாடி இழை இன்றும் வாழ்கிறது. பந்தயத் தடத்துக்குப் போகும் பலர் வண்டியோடு வந்த உறையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, மலிவான கண்ணாடி இழை உறையை மாட்டிக்கொள்வதற்குக் காரணம், அதைத் திரும்பத் திரும்ப உடைத்து ஒட்டலாம் என்பதே.

பிளாஸ்டிக் வேறொரு வழியில் வந்தது. பந்தயத்தோடு அதற்குத் தொடர்பில்லை. சாமானியர் ஓட்டும் சிறு வண்டியில்தான் அது முதலில் ஏறியது. ஹோண்டா 1958-இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் மட்கார்டும் கால்மறைப்பும் பாலிஎத்திலீனால் ஆனவை. எடை குறைவு, துருப்பிடிக்காது, நிறத்தை அச்சிலேயே கலந்துவிடலாம். அதே காலகட்டத்தில் வேறு இரண்டு பிளாஸ்டிக்குகள் தொழிலுக்கு வந்திருந்தன. ஒன்று, 1954-இல் அமெரிக்காவின் போர்க்-வார்னர் நிறுவனம் சைக்கோலாக் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய ஏபிஎஸ். மற்றொன்று, அதே ஆண்டு இத்தாலியில் ஜூலியோ நட்டா உருவாக்கிய ஒழுங்கமைந்த பாலிபுரொப்பிலீன். இதற்காக நட்டாவுக்கு, கார்ல் சீக்லரோடு சேர்த்து, 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு வண்டியைக் கழற்றிப் போட்டால் கையில் கிடைக்கும் உறைத் துண்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகவோ இவற்றின் கலவையாகவோ இருக்கும். பெயின்ட் அடித்துப் பளபளக்கும் பகுதி பெரும்பாலும் ஏபிஎஸ். கறுப்பாக, சொரசொரப்பாக, பெயின்ட் இல்லாமல் இருக்கும் மட்கார்டின் உட்பகுதி போன்றவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்.

கண்ணாடி இழைக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு செங்கல்லுக்கும் மெழுகுக்கும் உள்ளது போன்றது. சுட்ட செங்கல் மீண்டும் களிமண் ஆகாது. இறுகிய ரெசினும் அப்படித்தான். மெழுகை எத்தனை முறை உருக்கினாலும் மெழுகே. ஏபிஎஸ்ஸும் பாலிபுரொப்பிலீனும் அந்த இனம். ஏபிஎஸ் மூன்று பொருள்களின் கூட்டு. அக்ரைலோநைட்ரைல் உறுதியையும் ரசாயனத் தாங்குதலையும் தருகிறது. ஸ்டைரீன் பளபளப்பையும், அச்சில் எளிதாக ஓடும் தன்மையையும் தருகிறது. பியூட்டாடையீன் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் உள்ளே சிதறிக் கிடந்து, ஓடிவரும் விரிசலை வழிமறிக்கின்றன. ஏபிஎஸ் உறையை வளைக்கும்போது ஓரிடம் வெளுத்துப்போவதைப் பலர் கவனித்திருக்கலாம். ரப்பர்த் துகள்களைச் சுற்றி நுண்ணிய பிளவுகள் தோன்றி, அடியின் வேகத்தை விழுங்கிக்கொண்டிருக்கின்றன என்பதன் அடையாளம் அது. வெளுத்த இடம் இன்னும் உடையவில்லை. ஆனால் அடுத்த அடியில் அங்கேதான் உடையும்.

1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் பந்தயத் தோற்றத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தபோது பிளாஸ்டிக் உறை உலகமெங்கும் பரவியது. சுஸுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 1985-இலும், எஞ்சினே கண்ணில் படாதபடி மூடிய ஹோண்டாவின் சிபிஆர்600எஃப் 1987-இலும் வந்தன. எஃகு அச்சில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தித் தள்ளி வார்ப்பது இதன் தொழில்நுட்பம். அச்சு செய்ய ஆகும் செலவு மிகப் பெரியது. அச்சு தயாரான பிறகு ஒவ்வொரு துண்டும் மலிவு. தொழிற்சாலைக்கு இது லாபம். உதிரிபாகமாக ஒரே ஒரு துண்டு வாங்க வருபவருக்குக் கணக்கு தலைகீழ். அச்சு, பெயின்ட், ஸ்டிக்கர், கிடங்கு, கப்பல் எல்லாம் அந்த ஒரு துண்டின் விலையில் ஏறிவிடும். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்து விழுந்தாலே பக்கவாட்டு உறை, டூம், கண்ணாடி பிடிக்கும் இடம் என்று மூன்று துண்டுகள் உடையக்கூடும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் ஒரு கீறல்கூட இல்லாத வண்டிகளை, உறையின் விலையை மட்டும் கூட்டிப்பார்த்துக் காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் சேதம் என்று தள்ளிய கதை மேற்கு நாடுகளில் சாதாரணமானது.

இதற்கு ஓட்டுநர்கள் கண்ட முதல் விடை, ஒட்டாமல் விட்டுவிடுவது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1980-களின் பிற்பகுதியில், விழுந்து உடைந்த வண்டிகளின் உறையை அடியோடு கழற்றி எறிந்துவிட்டு, உயரமான கைப்பிடியும் தனி ஹெட்லைட்டும் போட்டு ஓட்டினார்கள். ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்ற பாணி இப்படிப் பிறந்தது. 1993-இல் டுகாட்டி மான்ஸ்டரும் 1994-இல் டிரையம்ஃப் ஸ்பீடு டிரிப்பிளும் வந்தபோது, உறையில்லாமை ஒரு விற்பனைச் சரக்கே ஆகிவிட்டது. பணமில்லாமையிலிருந்து கிளம்பிய பாணிகளில் இது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது விடை, ஒட்டுவது. தொடக்கத்தில் பலரும் கண்ணாடி இழைப் பழக்கத்தை அப்படியே ஏபிஎஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பாலியெஸ்டர் ரெசின் ஏபிஎஸ்மேல் அரைகுறையாகப் பிடிக்கிறது. பாலிபுரொப்பிலீன்மேல் காய்ந்த பொருக்குபோல் உரிந்து வந்துவிடுகிறது. மேலும், ரெசின் விறைப்பு, பிளாஸ்டிக் நெகிழ்வு. வண்டி அதிர அதிர இரண்டும் பிரிந்துவிடும். வீட்டுப் பசைகளுக்கும் இதே கதி. அமெரிக்காவில் ஹாரி கூவர் 1942-இல் தற்செயலாகக் கண்டு, 1958-இல் விற்பனைக்கு வந்த சயனோஅக்ரிலேட் பசைதான் இன்று பெவிக்விக் முதலிய பெயர்களில் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. விரிசலில் அதை விட்டு, மேலே சமையல் சோடாவைத் தூவினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கல்லாகிவிடும். காரத்தன்மை பட்டால் உடனே இறுகும் பசை அது. ஆனால் கல்லுக்கு வளையத் தெரியாது. துண்டுகளை இடம் மாறாமல் நிறுத்திவைக்க இது நல்லது. சுமையைத் தாங்கும் ஒட்டாக நினைத்தால் சில நாளிலேயே பக்கத்தில் புதிய விரிசல் கிளம்பும். எம்சீல் போன்ற எபாக்சி மாவுக்கும் ஏறக்குறைய இதே எல்லைதான். உட்புறம் உப்பலாக அதை அப்பிய உறைகளைப் பழைய வண்டிகளில் இன்றும் பார்க்கலாம். பெரும்பாலும் ஓரங்கள் எழும்பி, நடுவில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

நிலைத்த ஒட்டு பொருளுக்குள்ளிருந்தே வந்தது. அதில் இரண்டு மரபுகள் உண்டு.

ஒன்று கரைப்பான் மரபு. வீட்டில் பிவிசி குழாய் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. குழாயை இணைக்கும் திரவம் இரு பரப்புகளையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. வட அமெரிக்காவில் கழிவுநீர்க் குழாய்கள் பல ஏபிஎஸ்ஸால் ஆனவை. அந்தக் குழாய்க்கான கறுப்புச் சிமென்டை அங்குள்ள ஓட்டுநர்கள் உறை ஒட்டப் பயன்படுத்தினார்கள். அதைவிட எளிய வழி அசிட்டோன். உடைந்த உறையின் உபயோகமற்ற துண்டு ஒன்றைச் சில்லுகளாக நொறுக்கி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் அசிட்டோனோடு ஊறவைத்தால் தேன்பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். அதை விரிசலில் மெல்லிய அடுக்குகளாக விட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாகக் காயவிட வேண்டும். ஏபிஎஸ் கிடைக்காதவர்கள் லெகோ பொம்மைக் கட்டைகளைக் கரைத்ததும் உண்டு. 1963 முதல் அவை ஏபிஎஸ்ஸால் செய்யப்பட்டவை. அவசரம் இதற்குப் பகை. தடிமனாக அப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். பெயின்ட் அடித்த பிறகு அது குமிழாகவும் பள்ளமாகவும் வெளிப்படும். பல நாள் காய விட்டவர்களின் ஒட்டே நின்றிருக்கிறது. பாலிபுரொப்பிலீனுக்கு இந்த மரபு அறவே உதவாது. சாதாரண வெப்பத்தில் அதைக் கரைக்கும் திரவம் பட்டறையில் கிடையாது.

மற்றொன்று வெப்ப மரபு. பிவிசி தகடுகளைச் சூடான காற்றாலும் அதே பிளாஸ்டிக் கம்பியாலும் பற்றவைக்கும் முறை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஜெர்மனியில் ரசாயனத் தொட்டிகள் செய்வதற்காக வளர்ந்தது. கார் பம்பர்கள் இரும்பிலிருந்து பாலிபுரொப்பிலீனுக்கு மாறியபோது கார் உடலைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் அதை எடுத்துக்கொண்டன. அங்கிருந்து மோட்டார் சைக்கிள் உறைக்கு வந்தது. பாலிபுரொப்பிலீனுக்கு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ், ஏபிஎஸ்ஸுக்கு ஏறக்குறைய 350 டிகிரி சூட்டில் காற்று வீசும் கருவி தொழில்முறை வேலைக்குப் பயன்படுகிறது. பணம் குறைந்தவர்களின் கருவி, ரேடியோ பழுதுபார்க்கும் சால்டரிங் அயர்ன்தான்.

தமிழ்நாட்டில் இந்த வெப்ப மரபுக்கு வேறொரு வேர் உண்டு. தண்ணீர்க் குடம் பித்தளையிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியபோது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வந்த அதே தெருக்களில் பிளாஸ்டிக் குடம் ஒட்டுபவர்களும் வந்தார்கள். நெருப்பில் காய்ச்சிய இரும்புப் பட்டையால் ஓட்டையின் ஓரத்தை இளக்கி, பழைய குடத்திலிருந்து அறுத்த துண்டை அதன்மேல் வைத்து, அதே பட்டையால் தேய்த்து ஒன்றாக்குவார்கள். பாலிஎத்திலீனைப் பாலிஎத்திலீனால்தான் அடைக்க முடியும் என்ற வேதியியல் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. பம்பர் பட்டறைகள் கருவிகளோடு செய்ததும் கோட்பாட்டில் இதுவேதான். தொழிலின் வரலாற்றில் இந்தக் குடம் ஒட்டுபவர்களுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

வண்டிகளில் பிளாஸ்டிக் இங்கு வந்த வரிசை தெளிவானது. 1980-கள் வரை இந்தியச் சாலைகளில் ஓடியவை இரும்புத் தகட்டு வண்டிகள். புல்லட்டின் பக்கப்பெட்டியும் சேத்தக்கின் உடலும் நெளிந்தால் டிங்கரிங் கடைக்குப் போயின. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகியும், 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100 ஆகியவையும் வந்தபோது சைடு பேனல்கள் பிளாஸ்டிக் ஆயின. 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர், பிளாஸ்டிக் உறைகளை நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கியது. சைடு பேனலில் முதலில் உடைவது அதன் பின்னாலிருக்கும் ‘லாக்’. ரப்பர் வளையத்துக்குள் நுழையும் அந்தச் சிறு முளை ஒடிந்தால் பேனல் வழியில் கழன்று விழுந்துவிடும். பட்டறைகளின் முதல் பிளாஸ்டிக் பாடம் லாக்கை மறுபடி நிறுத்துவதுதான். முளையை வெறுமனே ஒட்டினால் நிற்காது என்று கண்டு, சூடேற்றிய கம்பியை உள்ளே செருகி அதைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கிக் கட்டினார்கள்.

முழு அளவிலான உறைப் பழுது 2003-இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பாதி உறையோடு வந்த பிறகும், 2008-இல் யமஹா ஆர்15 முழு உறையோடு வந்த பிறகும் தொடங்கியது. ஆர்15-ஐ வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பலருக்கு மாதத் தவணை. உடைந்த உறைக்குப் புதியது வாங்க முடியாத, ஆனால் உடைந்த உறையோடு ஓட்டவும் மனம் வராத ஒரு பெரிய கூட்டம் உருவானது. சென்னையில் அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. புதிய உதிரிபாகமும் அலங்காரப் பொருளும் வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகம் வேண்டுமானால் கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் கிடைக்கும் உறையிலும் போல்ட் மாட்டும் காது ஏதாவது ஒன்று உடைந்துதான் இருக்கும்; ஆகவே அதை வாங்கினாலும் ஒட்டும் வேலை பாக்கி. பிளாஸ்டிக் பொறியியலைக் கற்பிக்க 1968-இல் தொடங்கப்பட்ட மத்திய நிறுவனமான சிப்பெட்டும் இதே நகரத்தில், கிண்டியில்தான் இருக்கிறது. அச்சும் வார்ப்பும் கற்று அங்கிருந்து தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் ஏராளம். பழுதுபார்ப்பவர்களோ ஒரு கடையிலிருந்து மறு கடைக்குக் கைமாற்றாகவே கற்றார்கள்.

அப்படிக் கைமாறி இன்று நிலைபெற்றிருக்கும் முறையில் முதல் வேலை, பொருளை அறிவது. உறையின் உட்புறத்தில் ஏபிஎஸ் அல்லது பிபி என்ற எழுத்துகள் அச்சில் பதிந்திருக்கும். சர்வதேசத் தர விதிகள் இப்படிப் பொறிப்பதை 1990-களில் ஒழுங்குபடுத்தின. மறுசுழற்சிக்காக வந்த இந்தக் குறிதான் பழுதுபார்ப்பவருக்குப் பெரிய உதவி. குறி தேய்ந்திருந்தால் ஒரு சில்லைத் தண்ணீரில் போடலாம்: பாலிபுரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பாலிபுரொப்பிலீன் அசையாது. கொளுத்திப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ஏபிஎஸ் கரும்புகை கக்கி எரியும். அந்தப் புகை நச்சு என்பதால் முதல் இரண்டு சோதனைகளே போதும்.

அடுத்தது விரிசலின் முனை. கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு விரிசல் நிற்பதில்லை. முனையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளை போட்டால், ஊசிமுனையில் குவிந்திருக்கும் இழுவை வட்டத்தைச் சுற்றிப் பரவிவிடும். விரிசல் மேலே ஓடாது. பிறகு உட்புறத்தில் விரிசல் நெடுக ஆங்கில ‘வி’ வடிவத்தில் பள்ளம் எடுத்து, துண்டுகளை நேராகப் பொருத்தி, சில இடங்களில் மட்டும் உருக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். அதன் பிறகே பள்ளம் முழுவதையும் அதே பிளாஸ்டிக் கீற்றால் நிரப்புகிறார்கள். சுமை தாங்கும் இடங்களில் துருப்பிடிக்காத கம்பிவலையையோ, சூடாக்கி அமிழ்த்தும் வளைந்த கம்பி ஊசிகளையோ உள்ளே புதைக்கிறார்கள். வலை முழுவதுமாக மூழ்க வேண்டும். வெளியே தெரியும் வலை வலுவல்ல, அங்கிருந்தே பிரியத் தொடங்கும். சூடு மிகுந்து பிளாஸ்டிக் பழுப்பேறினால் அது கருகிவிட்டது என்று பொருள், கருகியது ஒட்டாது. அறையில் காற்றோட்டமும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையை நாள் முழுக்கச் செய்பவர்கள் தலைவலியோடும் இருமலோடும் வீடு திரும்புகிறார்கள். மலிவு என்று சொல்லும்போது இந்தச் செலவையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வெளிப்புறம் பட்டி, தேய்ப்பு, பிரைமர், பெயின்ட் என்று தொடரும். இரும்புக்குப் போடும் விறைத்த பட்டியை உறைக்குப் போட்டால் நெகிழும்போது வெடித்துவிடும் என்பதால், பிளாஸ்டிக்குக்கான நெகிழும் பட்டி தேவை. பாலிபுரொப்பிலீன்மேல் பெயின்ட் பிடிக்க அதற்கென்று ஒரு முதல்பூச்சும் வேண்டும். பெயின்ட் கணக்கு பெரும்பாலும் ஒட்டும் கூலியைத் தாண்டிவிடும். ஆகவே கைப்பணம் குறைந்தவர்கள் ஒட்டிய கோட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். சிறுநகரங்களில் ஸ்டிக்கர் கடைகளும் உறை ஒட்டும் கடைகளும் அடுத்தடுத்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டிய உறை மறுபடி உடைவதற்குப் பெரும்பாலும் ஒட்டு காரணமல்ல. போல்ட்டைத் திருகும் கைதான் காரணம். உறையைப் பிடிக்கும் துளைகளில் ரப்பர் வளையமும் அதற்குள் உலோகக் குழலும் இருக்கும். அதிர்வை விழுங்குவது ரப்பர். போல்ட் பிளாஸ்டிக்கை நசுக்காமல் தடுப்பது குழல். ஒருமுறை கழற்றி மாட்டும்போது இவற்றில் ஒன்று தொலைந்தால், வெறும் பிளாஸ்டிக்கின்மேல் போல்ட் இறங்கி, துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் விடும். போல்ட் கழலாமலிருக்கப் பூசும் பிடிப்புத் திரவம் ஏபிஎஸ்மேல் வழிந்தால் அதை நொறுங்கச் செய்யும். பிரேக் திரவமும் பெட்ரோலும் அவ்வாறே. வெயில் இன்னும் மெதுவான பகை. புற ஊதாக் கதிர் பியூட்டாடையீன் ரப்பரைத்தான் முதலில் கெடுக்கிறது. ரப்பர் போனால் விரிசலை வழிமறிக்க ஆளில்லை. பத்து வருடம் வெயிலில் நின்ற, பெயின்ட் உரிந்த உறையைப் பற்றவைத்தாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் உடைந்துகொண்டே போவது இதனால்தான். அத்தகைய உறையைத் திருப்பி அனுப்பிவிடுவது அனுபவமுள்ள கடைக்காரரின் வழக்கம்.

2000-களுக்குப் பிறகு சீனாவிலிருந்து வந்த மலிவு விலை நகல் உறைகள், மேற்கு நாடுகளில் ஒட்டும் தொழிலைப் பெரிதும் குறைத்தன. பிரபலமான பெரிய வண்டிகளுக்கு முழுத் தொகுதியும் பெயின்ட்டோடு கிடைத்தது; துளைகள் சரியாகப் பொருந்தாமல் இழுத்து மாட்டவேண்டியிருந்ததால், அவையும் விரைவில் விரிசல் விட்டன. இந்தியாவில் சிறு வண்டிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக ஒட்டும் வேலையும் வளர்ந்தது. 2017 டிசம்பரில் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் அப்பாச்சி ஆர்ஆர்310-ஐ முழு உறையோடு வெளியிட்டது. அதே ஓசூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் இப்போது தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களின் வெளியுடலில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். அவற்றில் பெயின்ட் இல்லாத, அச்சிலேயே நிறமும் சொரசொரப்பும் ஏற்றிய பாலிபுரொப்பிலீன் பகுதிகள் கூடுதல். பற்றவைத்தால் பிடிக்கும், ஆனால் தேய்த்துப் பெயின்ட் அடித்து மறைக்க வழியில்லாததால் தழும்பு தெரியும். சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவர, நல்ல பகுதி ஒன்றில் அச்செடுத்த சிலிக்கோன் துண்டைச் சூடான ஒட்டின்மேல் அழுத்திப் பார்க்கிறார்கள் சிலர். பழைய உறைத் துண்டுகளை நிறமும் பிளாஸ்டிக் வகையும் பார்த்துத் தனித்தனி டப்பாக்களில் பிரித்து வைப்பது, இந்தக் கடைகளில் இப்போது பழக்கமாகி வருகிறது.